எதையும் தப்பவிடாத பந்து

பழைய வீடியோ கேம் வாங்கி விற்கிற கடையில் விற்பனை பாதி வேலைதான். மீதிப் பாதி, வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கும், நிற்கும்போதே வீட்டில் விட்டு வந்த பிள்ளையின் நெற்றி சுடுகிறதோ என்று யோசிக்கிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கடை, பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என்கிற கெலாங் பாத்தாவில், ஒரு பேரங்காடியின் மேல்மாடியில், முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில். முதலாளி தமிழ் முஸ்லிம். பாய் என்று கூப்பிடுவோம். அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் சாப்பாட்டுக் கடை. இவர் மட்டும், ரொட்டி வீசக் கை வரவில்லை என்று கேம் கடை போட்டுவிட்டார். என் மகள் மித்ராவுக்கு நாலு வயது. முன்பு ஒரு தடவை காய்ச்சல் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவள் வளர்கிறாள், கூடவே என் பயமும் வளர்கிறது. கான்வென்டில் படித்த தோஷம், பயம் வந்தால் வாய் ‘முருகா’ என்பதற்குள் கை சிலுவை போட்டு முடித்திருக்கும். இதை எழுத உட்காருவதற்கு முன்புகூட அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒன்றே ஒன்று

எங்கள் கடையில் அதிகம் போவது, புல்லுக்குள் ஒளிந்திருக்கும் விநோத ஜந்துகளைப் பிடித்து வளர்க்கிற விளையாட்டு. பிடிப்பதற்குப் பந்து எறிய வேண்டும். சாதாரணப் பந்தை எறிந்தால் ஜந்து சில நேரம் உள்ளே அடங்கும். சில நேரம் உடைத்துக்கொண்டு ஓடிவிடும். மாஸ்டர் பந்து மட்டும் தப்பவே தப்பாது. மலை மாதிரி ஜந்தாக இருந்தாலும் அகப்பட்டதுதான். ஆனால் ஆட்டம் முழுவதற்கும் ஒன்றுதான் கிடைக்கும். வேலை கேட்டுப் போன அன்று பாய் இதை எனக்கு விளக்கிய விதத்தில், ஏதோ மத போதனை வகுப்பில் உட்கார்ந்திருப்பதுபோல் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

பிறகு என் கவலையைச் சொன்னேன். பகலில் மித்ராவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு சரசு அக்கா. காய்ச்சல் என்றால் அவர் கதவைத் திறக்க மாட்டார், வலிப்புக் கதை அவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். “அப்படி ஒரு நாள் வந்தா பிள்ளையைக் கடைக்குக் கூட்டி வரலாமா பாய்?” என்று கேட்டேன். எனக்கு முன்னால் வேலை பார்த்த பெண் தினமும் பிள்ளையோடு வந்து, கடையே பாலர் பள்ளி ஆகிப்போன கதையை அவர் சொன்னார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

“ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வா, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ரெண்டாவது தடவை கிடையாது. மாஸ்டர் பந்து மாதிரி வச்சுக்கம்மா, வீணாக்கிடாதே.”

பையைத் திறந்து காட்டுவது

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பழைய கேம் கேசட்டை விற்க வந்தால், உள்ளே இருக்கிற ஆட்டத்தை அழிப்பதற்கு முன், அவர்கள் கண்முன்னே பையைத் திறந்து காட்ட வேண்டும். அந்த ஆட்டத்துக்குள் இருக்கிற பையைச் சொல்கிறேன். மாஸ்டர் பந்து இன்னும் எறியாமல் இருந்தால், “இது இருக்கு, அழிக்கவா?” என்று கேட்க வேண்டும். அழிக்கச் சொன்னவர்கள் குறைவு. நன்றாக விலை பேசி முடித்த பிறகு, அந்த ஒரு பந்தைப் பார்த்துவிட்டு கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். வியாபாரத்துக்கு இவ்வளவு கெடுதலான வழக்கத்தை ஒரு முதலாளியே ஏற்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஒரு தொழிற்சாலைத் தம்பி, கல்யாணம் நிச்சயமான கையோடு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். கேசட்டுகளை எல்லாம் விற்றுவிட்டு இனி பொறுப்பாக இருக்கப் போவதாக அவருக்குத் திட்டம். பையைத் திறந்தேன். பந்து பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. தம்பியின் முகம் மாறிவிட்டது. “ஸ்கூல்ல படிக்கிறப்ப வச்சது கா... எறியவே மனசு வரல,” என்று திரையில் அதை அவர் தடவிப் பார்த்ததை அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“எனக்குப் பசிக்குதுன்னு சொன்னா ஒரு பிஸ்கட்கூட எடுத்து வைக்கமாட்டாரு கா, இதை மட்டும் எப்படி வச்சிருக்காரு பாருங்க!”

மீன்

ஒரு சனிக்கிழமை ஓர் அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, “அந்தப் பந்து ஒண்ணு குடுங்க” என்றார். ரப்பர் பந்து அடுத்த கடையில் இருக்கும் என்றேன். அது இல்லையாம். மகன் இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. மாஸ்டர் பந்தைத் தவறுதலாக ஒரு மீனுக்கு எறிந்துவிட்டானாம். அந்த மீனை எனக்கும் தெரியும். தண்ணீரிலிருந்து எடுத்தால் துள்ளும். அதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது.

பந்து தனியாக விற்பதில்லை, அது ஆட்டத்துக்குள் இருக்கிற பொருள், கையில் எடுக்க முடியாது என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. “நம்மாளுதானே, பார்த்து எடுத்துக் குடுங்கம்மா,” என்று கவுண்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கடைசியில் நான் மீனின் படத்தைக் காட்டி, பொறுமையாக வளர்த்தால் இது பெரிய கடல் பூதமாக மாறும், மகனிடம் சொல்லுங்கள் என்றேன். படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“மீனைப் பிடிச்சதுக்கா இந்த அழுகை? எங்க வீட்டுக்காரர் லீவு நாளெல்லாம் தூண்டிலைத் தூக்கிட்டுப் போறாரு, ஒரு நாளாவது இதைக்கூடக் கொண்டு வந்ததில்ல லா!”

சளியா, காய்ச்சலா

இவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்த எனக்குத்தான் வீட்டில் அதே வியாதி. மித்ராவுக்கு மூக்கு ஒழுகினால் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போடுவேன். இதுதான் அந்த நாளா? இல்லை, இதைவிடப் பெரிதாக ஒன்று வந்தால்? இன்று பந்தை எறிந்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வது? கடைசியில் பயத்தோடு சரசு அக்காவிடம் விட்டுவிட்டு, கடையிலிருந்து அவருக்கு போன் மேல் போன் அடிப்பேன். ஒரு நாள் உடம்பு நிஜமாகவே லேசாகச் சுட்டது. அன்றைக்குச் சம்பளம் போனாலும் போகிறது என்று நான் லீவு எடுத்துக்கொண்டேனே தவிர, பாய் கொடுத்த வாய்ப்பைத் தொடவில்லை. “நிஜக் காய்ச்சல் வரட்டும், அப்பத்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன்,” என்று வீட்டுக்காரரிடம் விளக்கினேன். மித்ரா பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நீ அதை அப்படியே பத்திரமா வச்சிருந்து, பேரப்பிள்ளையைத்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போகப் போற.”

சிகாமட் அண்ணன்

எங்கள் கடைக்கு ஒரு லாரி ஓட்டுநர் வருவார். ஊர் சிகாமட். ஆளைப் பார்த்தால் புல்லுக்குள் இருக்கிற ஜந்துகளே வழிவிட்டு ஒதுங்கும். பள்ளிக்கூடக் காலத்து கையடக்க கேம் மெஷின் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். வெள்ளம் வந்தபோது வீட்டில் முதலில் மாடிக்கு ஏறியது அதுதானாம். அவர் மனைவி இன்னும் அதை மறக்கவில்லையாம். பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று பாயிடம் பழுது பார்க்கக் கொடுத்தார். அவர் பையிலும் பந்து அப்படியே இருந்தது. பெரிய பெரிய ஜந்துகளை எல்லாம் சாதாரணப் பந்தை மாற்றி மாற்றி எறிந்தே பிடித்திருக்கிறார். அப்படியானால் இது எதற்கு அண்ணே என்று கேட்டேன்.

“கையில இருக்குன்னு நினைச்சாத்தான் தங்கச்சி எனக்கு லாரியே ஓடும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசல் கதவு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மித்ராவுக்கு ஒன்றும் இல்லை. சளி இல்லை, சூடு இல்லை, காலையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். சரசு அக்கா வாசலில் கை நீட்டிக்கொண்டு நின்றார். இவள் எங்கள் வீட்டு இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள், நான் தொடுகிற மாதிரியே, புறங்கையால்.

“அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தாத்தான் உங்க கடையைப் பாக்க முடியுமா?”

எலி

பிள்ளை காய்ச்சலுக்காகக் காத்திருக்கிறாள் என்றால் எந்தத் தாய் நிற்பாள்? சிலுவையும் போட்டேன், முருகனையும் கூப்பிட்டேன், அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். பாய் மித்ராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவளை கவுண்டர் ஓரத்தில் உயர நாற்காலியில் உட்கார வைத்தேன். நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தாள், சிகாமட் அண்ணன் மெஷினை வாங்க வரும்வரை.

பட்டன் சரியாகிவிட்டதா என்று அண்ணன் அங்கேயே நின்று ஆடிப் பார்த்தார். புல்லுக்குள்ளிருந்து ஓர் எலி குதித்தது. ஆட்டத்தின் ஆரம்பத்தில் எல்லோர் காலிலும் மிதிபடுகிற எலி. பையைத் திறந்து, “பாருங்க தங்கச்சி, பந்து பத்திரம்,” என்று அம்புக்குறியை மாஸ்டர் பந்தின்மேல் வைத்து எனக்குக் காட்டினார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மெஷினை அப்படியே கவுண்டரில் வைத்துவிட்டுத் திரும்பினார். மித்ராவின் விரல் நீண்டு பட்டனை அமுக்கியது. அலமாக்! பந்து பறந்து, குலுங்கி, அடங்கியது. எதையும் தப்பவிடாத பந்து ஓர் எலியையா தப்பவிடும்?

எங்கள் தொழிலில் இதற்கு முதலுதவி இருக்கிறது. சேவ் பண்ணுவதற்கு முன் மெஷினை ஆஃப் பண்ணிவிட்டால் நடந்தது எதுவும் நடக்கவில்லை. பந்து பைக்குத் திரும்பிவிடும். என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

“ஆஃப் பண்ணாதீங்க,” என்றார் அண்ணன்.

போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். முகத்தில் கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்த ஜந்துக்குப் பெயர் வைக்கிறீர்களா என்று திரை கேட்டது. அவர் குனிந்து, “பாப்பா, நீதானே பிடிச்சே. என்ன பேரு வைக்கலாம்?” என்றார்.

மித்ரா எலியின் படத்தை உற்றுப் பார்த்தாள். “அம்மா,” என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “பயந்துக்கிட்டே நிக்குதுல்ல,” என்றாள்.

கடைக்குள் முதலில் சிரித்தது பாய். அப்புறம் நான். அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி ‘அம்மா’ என்று ஆங்கிலத்தில் அடித்தார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிதானமாக சேவ் பண்ணினார்.

“பெரிசா ஒண்ணு வரும், பெரிசா ஒண்ணு வரும்னு பார்த்துப் பார்த்து எனக்கு வயசுதான் ஆச்சு பாய். இன்னிக்கு எலிதான் வந்துச்சு. சரி, எலியையாச்சும் பிடிச்சேன்ல!”

கடை சாத்தும்போது

இரும்புக் கதவை இறக்கும்போது எனக்குத் துக்கம் வந்துவிட்டது. அண்ணன் பந்து எலிக்குப் போனது. நான் இரண்டு தோசை சாப்பிட்ட பிள்ளைக்கு எறிந்துவிட்டேன். நாளைக்கே நிஜக் காய்ச்சல் வந்தால் என் பையில் ஒன்றுமில்லை. “என்னோட பந்து போச்சு பாய்,” என்றேன். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மித்ராவை அவர் எட்டிப் பார்த்தார்.

“போனா போகட்டும் மா. இனிமே சாதாரணப் பந்துதான். வேணும்கிறப்ப கேளு, சில நேரம் சரிம்பேன், சில நேரம் முடியாதும்பேன். ஆனா எத்தனை வேணும்னாலும் எறியலாம்.”

அன்றிலிருந்து விடாமல் எறிந்துகொண்டுதான் இருக்கிறேன். பாதி நேரம் பாய்தான் உடைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்.