மூச்சு மிஷினில் ஊற்றிய ஊத்துத் தண்ணீர்

நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அதனாலேயே இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நீங்களும் பாதிவரை சிரித்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் என்னாலேயே முடியவில்லை. 2008, வைகாசி மாதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் என் குறட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். பரமக்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் நான் குறட்டை விட்டால் எதிர்வீட்டு மாடு எழுந்து நிற்கும். அது வேடிக்கை. குறட்டை நின்றுபோகிற நேரம்தான் வேடிக்கை இல்லை. மூச்சும் சேர்ந்து நின்றுவிடும். எனக்கு அது தெரியாது, நான்தான் தூங்குகிறேனே. என் மனைவி சேதுலட்சுமிக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவள் என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேதான் படுத்திருந்தாள். மூச்சு நின்றால் உலுக்குவாள். வந்தால் கண்ணை மூடுவாள். அதற்குப் பெயர் தூக்கமா?

மதுரை டாக்டர் ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பினான். தலைமாட்டில் ஒரு பெட்டி. அது விடாமல் காற்று ஊதும். பெட்டியிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கு மூடி. மாட்டிக்கொண்டால் எனக்கும் பிள்ளையாருக்கும் வித்தியாசம் தொப்பையில் மட்டும்தான். அவருக்குக் கொஞ்சம் குறைவு.

வெறும் காற்று மூக்கை உலர்த்திவிடும் என்பதால் பெட்டியோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் சூடாகும் தகடு. ஈரத்துக்கு ஒன்று முதல் ஐந்துவரை எண். குறைத்து வைத்தால் மூக்கு எரியும். கூட்டி வைத்தால் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு களக் களக் என்று கொப்புளிக்கும். எனக்கு இரண்டு. தொட்டியில் கோடுவரை ஊற்றினால் காலையில் நன்றாகக் குறைந்திருக்கும். உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்றவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பேட்டரிக் கடையில் லாரிக்கு விற்கிறார்களே, அந்தத் தண்ணீர். லாரிக்கும் எனக்கும் ஒரே பானம். மிஷின் வந்த அன்றைக்கு சேதுலட்சுமி விடிய விடியத் தூங்கினாள். எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

அந்த வைகாசியில் மச்சினன் இருளாண்டியின் மகள் செவ்வந்திக்கு வளைகாப்பு. அவன் ஊர் திருப்புல்லாணிக்குப் பக்கம். மிஷினைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். தண்ணீர்க் கேனை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டேன். அந்த ஊர் அடிபம்புத் தண்ணீரில் உலை வைத்தால் உப்பே போடவேண்டாம்.

இருளாண்டி சிரித்தான். எங்கள் கண்மாய் ஊத்துத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், லாரித் தண்ணீர் எதற்கு என்றான். கண்மாய் வற்றினதும் மணலில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டுவார்கள். அடியில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளவேண்டும். அதுதான் ஊத்து. பொழுது சாய ஒரு காலிக் கேனோடு போனோம். எல்லா ஊத்திலும் குடத்தோடு பெண்கள். ஓரத்தில், பனைமரத்தடியில் ஒன்றுதான் ஆளில்லாமல் கிடந்தது. மிஷின் விஷயம் என்பதால் நானே இறங்கினேன். தொப்பை முதலில் இறங்கியது. நான் பின்னால் போனேன்.

மேலிருந்து இருளாண்டி குனிந்து சொன்னான். “கடைசிச் சிரட்டைய அள்ளி உள்ளயே ஊத்திட்டு ஏறுங்க மச்சான். இங்கன அதான் வழக்கம்.”

அடுத்து வருகிறவருக்காக இருக்கும் என்று நினைத்தேன். கேன் நிறைய இன்னும் ஒரு சிரட்டை வேண்டியிருந்தது. விடிவதற்குள் ஊறிவிடாதா என்ன? அதையும் கேனிலேயே ஊற்றிக்கொண்டு ஏறினேன். அவன் செல்போனில் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பார்க்கவில்லை.

வீடு நிறைய உறவு. குறட்டைப் புகழ் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்ததால், மிளகாய் மூட்டை அடுக்கிய தனி அறையை எனக்கு ஒதுக்கினார்கள். ஃபேன் இல்லை. பிளக் இருந்தது, போதும். சேதுலட்சுமி செவ்வந்தியோடு பெரிய வீட்டில் படுத்தாள். போவதற்கு முன் என் மூடியின் வாரை இழுத்துப் பார்த்தாள்.

“மிஷின் ஓடுதா?”

“ஓடுது.”

“அப்ப நான் தூங்குறேன்.”

பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன்.

விழிப்பு வந்தபோது செல்போனில் மணி 1.10.

மூக்குக்குள் ஜில்லென்று இருந்தது. மிஷின் காற்று வெதுவெதுப்பாக வரவேண்டும். இது குளிர்ந்து வந்தது. ஒரு வாசனையும் இருந்தது. மிளகாய் இல்லை. அப்போதுதான் தோண்டின ஈர மணல்.

ஈரத்தை இரண்டிலிருந்து நாலுக்குத் திருகினேன். ஒரு மாற்றமும் இல்லை. மிஷினின் சின்னத் திரை இருட்டாகக் கிடந்தது. அது தானாக அணைந்துகொள்கிற ரகம். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செல்போன் வெளிச்சத்தைத் தொட்டியில் அடித்தேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. மூன்று மணி நேரம் ஓடியும் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. தகட்டைத் தொட்டேன். செத்த தவளை மாதிரி ஜில்லென்று இருந்தது.

ரிப்பேர். சிங்கப்பூரையும் மகனையும் சேர்த்துத் திட்டினேன்.

அப்போதுதான் சத்தத்தைக் கவனித்தேன்.

மிஷின் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக ஊதும். நிறுத்தவே நிறுத்தாது.

இது நிறுத்தி நிறுத்தி ஊதியது.

ஃபூ...

இடைவெளி.

ஃபூ...

ஈர விறகை ஊதாங்குழலால் ஊதுகிற மாதிரி. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு சின்ன இழுப்பு. ஊதுகிறவர் மூச்சு வாங்கிக்கொள்கிற இழுப்பு.

மூடியைப் பிடுங்கினேன். ஊதல் நின்றது.

குழாய் கையில் இருந்தது. கனத்தது.

டொக்... டொக்...

குழாய்க்குள்ளிருந்து.

பிறகு ஒன்றுமில்லை. யாரோ காதை வைத்துக் கேட்கிற அமைதி.

டொக்... டொக்...

ஓடியிருக்கவேண்டும். ஒரு காலத்தில் நாளுக்கு எழுபது மூட்டை ஏற்றி இறக்கின உடம்பு, எழுந்திருக்கவில்லை. அதோடு அந்தத் தட்டலில் மிரட்டல் இல்லை. கேள்வி இருந்தது. இருக்கியா... இருக்கியா...

ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. விரல் நகத்தால் மூடியில் ஒரு தட்டுத் தட்டினேன்.

டொக்.

குழாய் துள்ளியது.

ஃபூ ஃபூ ஃபூ ஃபூ...

அவசரமாக. ஆவேசமாக. முகத்தில் மணல் தெறித்தது.

நடுவில் ஒரு குரல். ஆண் குரல். ரொம்ப ஆழத்தில் கேட்கிற மாதிரி...

“விட்றாத... விடிஞ்சிரும்...”

மூடியை மறுபடி மாட்டினேன்.

கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

ஊதியது...

ஊதியது...

நெஞ்சில் ஒரு கை விழுந்தது. அலறிவிட்டேன்.

சேதுலட்சுமி. விடிந்து, அறையில் வெளிச்சம் வந்திருந்தது. தலைமுடி அவிழ்ந்து கிடக்க, என் நெஞ்சை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள்.

“இருக்கீகளா... ஏங்க, இருக்கீகளா?”

அவள் சொல்லித்தான் தெரிந்தது. ராத்திரி பத்தரைக்கே கரண்டு போயிருக்கிறது. ஊர் முழுக்கவே இருட்டு. அலுப்பில் அவள் அசந்துவிட்டாள். இப்போது கரண்டு வந்து விளக்கு எரியவும்தான் செவ்வந்தி அதைச் சொல்லியிருக்கிறாள். நான் செத்துக் கிடப்பேன் என்று நினைத்துக்கொண்டு முற்றத்தில் ஓடி வந்திருக்கிறாள்.

“ராத்திரி பூரா மிஷின் ஓடலயே. எப்பிடி இருந்தீக?”

ஓடியது என்று சொல்ல வாயெடுத்தேன். தலைமாட்டில் மிஷின் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தது. தகடு அப்போதுதான் சூடாக ஆரம்பித்திருந்தது. தொட்டியின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல் படிந்து கிடந்தது. முந்தின நாள் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றியிருந்தேன்.

இருளாண்டி மணலைப் பார்த்தான். சிரட்டையைத் திருப்பி ஊற்றினீர்களா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். வளைகாப்பு முடிகிறவரை என் பக்கம் வரவில்லை. சாயங்காலம் கேனைத் தூக்கிக்கொண்டு என்னையும் கண்மாய்க்குக் கூட்டிப்போனான். மிச்சத் தண்ணீரை எல்லாம் பனையடி ஊத்திலேயே ஊற்றச் சொன்னான். ஊற்றின பிறகுதான் பேசினான்.

எண்பத்திமூன்றாம் வருஷத்துப் பஞ்சம். அந்த ஊத்தில் ராக்கு என்ற பெண் பொழுதடையத் தண்ணீர் அள்ள இறங்கியிருக்கிறாள். கடைசிச் சிரட்டையை அள்ளும்போது மணல் சரிந்து மூடிவிட்டது. வேகமாகத் தோண்டினால் மேலும் சரிகிறது. பம்ப்செட்டில் டீசல் உறிஞ்சுகிற ரப்பர்க் குழாயை ஒரு கம்போடு கட்டி உள்ளே இறக்கினார்கள். அவள் கைக்கு எட்டிவிட்டது. அவள் புருஷன் வீரையா மேலே குப்புறப் படுத்து, குழாயில் வாயை வைத்து ஊதினார். ஊதுவார். இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளேயிருந்து சிரட்டைச் சத்தம் ஒன்று வரும். மறுபடி ஊதுவார்.

“பாதி ராத்திரியோட சிரட்டைச் சத்தம் நின்னுபோச்சு மச்சான்” என்றான் இருளாண்டி. “அந்தாளு நிறுத்தல. ‘விட்றாத, விடிஞ்சிரும்’னு குழாய்க்குள்ள சொல்லிச் சொல்லி ஊதுனாரு. விடிஞ்சு எடுத்தா, அந்தக்கா எப்பவோ போயிருச்சு. அவரு வாயில இருந்து குழாயப் பிடுங்க நாலு பேரு வேண்டியிருந்துச்சு.”

அந்த வருஷமே வீரையாவும் போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் கடைசிச் சிரட்டையை ராக்குக்கென்று உள்ளேயே ஊற்றுகிற வழக்கம் வந்ததாம்.

நான் குரலைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. தட்டலைப் பற்றியும்.

இருபத்தைந்து வருஷமாக அந்தக் குழாயில் பதில் வரவில்லை. அன்றைக்குப் பதில் தட்டினது நான்.

இப்போது பேட்டரித் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஈரம் இரண்டுதான். எங்கள் ஊரிலும் ராத்திரியில் கரண்டு போகிறது. மிஷின் நிற்பதில்லை. நிறுத்தி நிறுத்தி ஊதுகிறது...

சேதுலட்சுமி பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்தான் தூங்குவதில்லை. தட்டினால் பதில் தட்டவேண்டுமே.