உலக்கைப் பூணின் இரும்பு

ஆய்வறிக்கை வந்த அன்று சங்கரன்கோவில் வேளாண்மை அலுவலகத்தில் எல்லாரும் மகிழ்ந்தனர். எனக்கு மட்டும் நெருடியது. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் மாடத்தியம்மாளின் நிலத்தில் சோதனையாக விதைத்த, இரும்புச்சத்து மிகுந்த புதிய கம்பைப் பற்றிய அறிக்கை அது. சத்து தேறினால் அவர் விளைச்சல் அடுத்த பருவத்தில் வட்டாரத்துக்கே விதையாகும். தேறாவிட்டால் வெறும் சந்தைக் கம்பு. என் சொல்லை நம்பிப் பருத்தி நிலத்தைக் கம்புக்கு விட்டவர் அவர்.

புதிய கம்பில் இரும்பின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகுதி. ஒப்பீட்டுக்கு அனுப்பிய நாட்டுக் கம்பிலும் அப்படியே ஏறியிருந்தது. அங்கேதான் ஐயம் எழுந்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன். "கூடியிருந்தா சந்தோசப்படும் வே! ரிப்போர்ட்ட மேல அனுப்பிட்டு வேற சோலியப் பாரும்" என்றார்.

மறுநாள் மாடத்தியம்மாளிடம் போய், மாதிரிக்கான மணியை எப்படிப் பிரித்தார் என்று கேட்டேன்.

"ரெண்டு கம்பையும் உரல்லதான போட்டுக் குத்துனேன். நீங்களும் பாத்துக்கிட்டுதான நின்னீய!"

உலக்கையைத் திருப்பிக் காட்டினார். அடியிலிருந்த இரும்புப் பூண் தேய்ந்து பளபளத்தது. குத்தும்போது அந்த இரும்பும் மணியில் கலந்திருக்கும் என்றேன்.

"அப்பம் கம்பு எதுக்கு அண்ணாச்சி? ஊருக்கெல்லாம் உலக்கையவே நக்கக் குடுத்துரலாமே!" என்று சிரித்தார்.

"திரும்ப அனுப்பினா அளவு குறையும்மா. தேறாமலும் போகலாம்" என்றேன்.

மாடத்தியம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்தார். "எம் மருமவ புள்ளத்தாச்சி. ரத்தம் பத்தாதுன்னு நர்சம்மா சொல்லுதாவ. இல்லாத சத்த இருக்குன்னு நம்பித் தின்னா அவளுக்கு ஊறிருமா? கையால கசக்கித் தாரேன், கொண்டு போங்க."

வெள்ளைத் துணி விரித்து, இரும்பு படாமல் உதிர்த்த மணிகளைக் காகித உறையில் இட்டு அனுப்பினேன். "நல்லா இருந்த ரிப்போர்ட்டக் கெடுத்துட்டு வந்து நிக்கீரே!" என்று மேலதிகாரி கடிந்துகொண்டார்.

இரண்டாம் அறிக்கையில் புதிய கம்பின் அளவு குறைந்துதான் இருந்தது; ஆனாலும் தேவையான வரம்புக்கு மேலேயே நின்றது. நாட்டுக் கம்பின் அளவோ அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. புதிய கம்பு உண்மையாகவே தேறிவிட்டது. அதன்பின் ஓய்வுபெறும்வரை எந்த மாதிரியையும் நான் கதிராகவே வாங்கினேன்; விரும்பிய முடிவு வரும்போதுதான் இருமுறை சரிபார்த்தேன்.

அந்தப் பருவத்து விதைக் கம்பை வண்டியில் ஏற்றிய பிறகு, மருமகளுக்கென ஒதுக்கிய கம்பை மாடத்தியம்மாள் உரலில் கொட்டினார்.

"பூணு தேயுமே அம்மா?" என்றேன்.

"இப்பம் தேஞ்சா தேயட்டும் அண்ணாச்சி! அவளுக்கு அதுவும் சேந்தே போகட்டும்" என்று உலக்கையை ஓங்கினார்.