ஒரு வீட்டில் இரண்டு பத்தியம்

மகளுக்குப் பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள், மூத்திரக் குழாயோடு தொடையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து சிவகாசிக்கு வந்து சேர்ந்தேன். வேட்டிதான் மானத்தைக் காத்தது.

எனக்கு வந்திருந்தது புரோஸ்டேட்டில் புற்றுநோய். என்னோடு சென்னைக்கு வந்த தம்பிக்கு மட்டும்தான் அது தெரியும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பேரைச் சொல்வானேன் என்று, மனைவியிடம், "மூத்திரப் பைக்குக் கீழ ஒரு வீக்கம். கத்தி வைக்காம ஐஸ் வச்சு உறைய வச்சுருவாகளாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். பாதி உண்மை. முழுப் பொய்யைவிட அது மோசம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் அது புது வைத்தியம். முதுகில் ஊசி போட்டு, மரத்துப்போன காலைத் தூக்கிக் கட்டி, கவட்டில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, அவற்றின் வழியே கடுங்குளிர் வாயுவை விட்டுக் கட்டியை உறைய வைத்தார்கள். இளகவிட்டு மறுபடியும் உறைய வைத்தார்கள். வலி இல்லை. கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், எழுந்து ஓட வழியில்லாமல் கிடந்ததுதான் பயமாக இருந்தது. அனுப்பும்போது டாக்டர், "செத்த சதை மூத்திரத்தோடதான் வெளியே வரும். தண்ணி நிறையக் குடிங்க, இல்லேன்னா குழாய் அடைச்சுக்கும்" என்றார்.

வீட்டில் மகளுக்குப் பத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் என்று கேட்டதே போதும், மனைவி என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். பூண்டுக்குழம்பு, மிளகு ரசம், சுக்குக் கருப்பட்டி. பிரசவ லேகியத்தில் மகளுக்கு ஓர் உருண்டை, எனக்கு ஓர் உருண்டை. ஜன்னலைச் சாத்தினாள். காதில் பஞ்சு வைத்தாள். வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்.

"டாக்டர் தண்ணி குடிக்கச் சொன்னாரு" என்றேன்.

"ஐஸ் வச்ச உடம்புல பச்சத்தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும். அவருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாரு."

ஏன் தண்ணீர் என்று விளக்கப் போனால் எது செத்தது என்று சொல்ல வேண்டும். நானே போய்க் குடிக்கலாமென்றால் கூடம் முழுக்கப் பிள்ளை பார்க்க வந்த பெண்கள். குழாயும் பையுமாக அவர்களைத் தாண்டிச் சமையலறைக்குப் போக எனக்குத் தைரியமில்லை. ஆக, சாத்திய அறையில் வியர்த்துக்கொண்டு கிடந்தேன். தம்பி எட்டிப் பார்த்து, "தண்ணி குடிக்கீகளாண்ணே?" என்றான். குடிக்கிறேன் என்றேன். காலண்டர் சீசன், அச்சாபீஸுக்கு ஓடிவிட்டான்.

நாலாம் நாள் பையில் ஒரு சொட்டு விழவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. மகளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி என்னைக் காரில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அழுதேன். வெட்கமெல்லாம் போய்விட்டது. "நேத்து மோர் கேட்டீகளே, அப்பவே நெனச்சேன், ஜன்னிதான்னு" என்று என் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அங்கே ஒரு டாக்டர் குழாயைக் கழுவி அடைப்பை எடுத்தார். வயிறு இளகியது. பிறகு சென்னைக் காகிதங்களைப் புரட்டினார். "கேன்சருக்கு உறைய வச்ச ஆளு. தண்ணி குடுக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. யாரும்மா இவரைப் பாத்துக்கிறது?"

"நான்தான்" என்றாள்.

திரும்பும்போது கார் திருத்தங்கலைத் தாண்டியது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் பாட்டுக்கு உங்களைக் கொன்னுருப்பேன். கொன்னுட்டு, ஐஸ் வச்சதாலதான் போயிட்டாகன்னு ஊரெல்லாம் சொல்லி அழுதிருப்பேன். இதைத்தான் எனக்கு வச்சுட்டுப் போகப் பாத்தீகளா?"

நோய்க்குப் பயந்ததைவிட அன்று அவளுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

குழாயை இன்னும் பத்து நாள் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் மணிக்கொரு டம்ளர் தண்ணீர் வந்தது. பையை அவளே கழற்றி, அவளே கொட்டிக் கழுவி, அவளே மாட்டினாள். "குடிங்க" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.