ஊசி படாத மூன்று கட்டைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை விடியலில் நீறு பூசிப் பதிகம் சொல்ல அமர்ந்திருந்தேன். கீழ்வீட்டுச் செல்வி படியேறி வந்து, கதவருகிலேயே நின்றுகொண்டு, "டீச்சரம்மா, அத்தை போய்ட்டாங்க" என்றாள். பாதிப் பதிகத்தில் எழுந்தது என் எழுபத்தொன்பது வயதில் அதுவே முதல் முறை.

செல்வியின் அத்தை, பியானோக் கலைஞர் புளோரா அம்மையார். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் பதினோரு ஆண்டுகள் எனக்குக் கீழே வாழ்ந்தவர். இம்மலரின் ஆசிரியர், அஞ்சலி என்பதால் சாந்தமாக எழுதும்படி கேட்டுக்கொண்டார். இயன்றவரை முயல்கிறேன். இயலாத இடங்களுக்காக என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

இக்கட்டுரையில் அடையாற்றுக் கனவான் ஒருவர் வருவார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அம்மையாரின் பெயரை அவர் முப்பது ஆண்டுகள் எழுதாமல் விட்டார். ஒரே ஒரு கட்டுரையில் அவர் பெயர் விடுபட்டால் குடி முழுகிவிடாது.

அம்மையார் பட்டினப்பாக்கத்துக் கடலோரக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தாயார் தலையில் கூடையேந்தி மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்றார். கன்னியர் நடத்திய பள்ளியில் சிறுமி புளோராவைப் பிரார்த்தனைப் பாடல்களுக்காகப் பியானோவில் அமர்த்தினார்கள். பள்ளி முடித்ததும் தியாகராய நகரில் இசைக்கருவி விற்கும் கடையொன்றில் வேலை. வாங்க வருவோர்க்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவே. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தம் பியானோவோடு ஒரு பெட்டி நிறைய இசைத்தாள்களையும் இசைத்தட்டுகளையும் அக்கடையில் விட்டுச் சென்றார். பியானோ விற்றுப்போயிற்று. பெட்டியைச் சீண்டுவார் இல்லை. அதை அம்மையார் ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதில் இருந்தவை ராக்டைம், ஹாங்கி-டாங்க் என்னும் அமெரிக்க இசைவகைகள். மதுக்கடைகளிலும் சந்தைத் திடல்களிலும் எளிய மக்கள் ஆடுவதற்கென்று பிறந்தவை. இடக்கை தாளம் தவறாமல் நடந்துகொண்டிருக்க, வலக்கை அந்தத் தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி விழும். நம் பாடகர்கள் எடுப்பைத் தள்ளித் தொடங்குவதைக் கேட்டவர்களுக்கு அதன் சுகம் விளங்கும். ஆழ்வார்பேட்டை ஓட்டலொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் மாலைதோறும் அம்மையார் இவற்றை வாசித்தார். பட்டினப்பாக்கத்துப் பெண் இதையெல்லாம் எப்படி வாசிக்கிறாள் என்று வியந்தவர்களிடம், "கை தானே சார், ஊருக்கு ஊரு மாறுமா?" என்பாராம்.

அந்த ஓட்டலின் இசைக்குழுத் தலைவர்தான் நம் கனவான். அம்மையார் தாமே ஒரு மெட்டு அமைத்து அதற்குக் 'கூடைக்காரி' என்று பெயரிட்டிருந்தார். கனவான் அதை ஒலிநாடாவாகப் பதிவு செய்யலாம் என்றார். வாசித்தவர் அம்மையார். நாடா வெளிவந்தபோது மெட்டுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. ஆக்கியவர், வாசித்தவர் என்ற இரண்டு இடத்திலும் கனவானின் பெயர் இருந்தது. கேட்கப்போன அம்மையாருக்கு அடுத்த வாரமே ஓட்டலில் வேலை இல்லை.

அந்த நாடாவை இக்காலப் பிள்ளைகள் கண்டெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். கனவானுக்கு முதுமையில் புகழ் வந்தது. தியாகராய நகர் மன்றமொன்றில் பாராட்டுவிழா எடுத்தார்கள். விழாக்களுக்கு வாழ்த்துப்பா எழுதித் தருபவள் என்று பேட்டையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கேட்டார்கள்; எழுதிக் கொடுத்தேன். அவருடைய விரல்களைப் பத்துக் கற்பகக் கொம்புகள் என்று பாடினேன். அதைச் சட்டமிட்டு அவர் கையில் தந்தார்கள். இப்பாவத்தை நான் மறைக்கப்போவதில்லை.

மறுவாரம் பேட்டைச் செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மையார் மேலே வந்தார்.

"இன்னா டீச்சரு, நீ எழுதினதா இது?"

ஆம் என்றேன், சற்றுப் பெருமையுடன்.

"விரலப் பாடிகீறியே, அது யார் விரலுன்னு விசாரிச்சியா?"

நான் நம்பவில்லை. அவர் வாதாடவில்லை. என்னைக் கீழே அழைத்துச் சென்று தம் பழைய பியானோவின் முன்பலகையைக் கழற்றினார். உள்ளே தந்தியை அடிக்கும் சிறு சுத்தியல்களின் கம்பளி முனையில், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும், நோட்டீஸ் போர்டில் குத்தும் பித்தளை டிராயிங் பின் குத்தியிருந்தது. தகரத்தில் மழை விழுவது போன்ற அந்த ஒலி வருவது அதனால்தான். அதன்பின் அமர்ந்து வாசித்தார்.

நடுவில் ஓரிடம். தகர ஒலிகளுக்கு ஊடே மூன்று சுரங்கள் மட்டும் மெத்தென்று எழுந்து, ஒரு கணம் நின்று, சரிந்தன. என் கை தானாக நீண்டு பக்கத்து ஜன்னலைச் சாத்தப் போயிற்று. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. மீண்டும் அந்த மூன்று சுரங்கள். விளங்கிற்று. மயிலாப்பூர்க் குளத்தருகே இருந்த எங்கள் சைவ வீட்டில், "மீனேய்" என்ற குரல் தெருமுனையில் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவது சிறுமியாகிய என் வேலை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் என் கை அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தது.

"அந்த மூணு கட்டைக்கு மட்டும் ஊசி குத்தறதில்ல," என்றார் அம்மையார். "அது எங்கம்மா."

நாடாவிலும் அவ்விடம் அப்படியே மெத்தென்றுதான் ஒலிக்கிறது; அதில் வாசித்தவர் யார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைச் சாத்திய வீட்டுப் பெண், சாத்தப்பட்ட குரலைத் திருடியவனுக்கு வாழ்த்துப் பாடியிருக்கிறாள். மேலே வந்து அறம் பாட உட்கார்ந்தேன். பாட்டாலேயே பகைவரை அழித்த புலவர் மரபு நமக்கு உண்டு. இரண்டடி எழுதியபின் அம்மையார் தடுத்தார். அவன் செத்துப்போனால் யாருக்கு லாபம், உட்கார்ந்து வாசிக்கட்டும் என்பது அவர் கட்சி. மன்னித்துவிடும்படி அவருடைய பங்குத்தந்தையும் சொல்லியிருக்கிறார். அவருக்கு அம்மையார் சொன்ன விடை: "மன்னிக்கிறதுக்கு அவன் மொதல்ல கேக்கணும்ல ஃபாதர்?"

அடுத்த ஆண்டு கனவானுக்கு முத்துவிழா. மீண்டும் என்னிடமே வாழ்த்துப்பா கேட்டார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். மூன்றடி புகழ்ந்துவிட்டு, நான்காம் அடியை இவ்வாறு முடித்தேன்:

வீற்றிருந்தே இப்பொழுதே மீட்டிக் காட்டி
விருந்தளிப்பீர் எங்களுக்கு விரல்க ளாலே

மேடையில் பியானோ இருந்தது, அவை கைதட்டிற்று. மரபுக்கவிதையில் வைத்த வேண்டுகோளைச் சபையில் மறுக்க முடியாது. அவர் அமர்ந்தார். மெட்டு ஓரளவு வந்தது. அந்தத் தகர ஒலி வரவில்லை. பியானோ சரியில்லை என்றார். அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து அம்மையார் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மேடையேறினார். பலகையைக் கழற்றி, தீப்பெட்டியிலிருந்து ஒவ்வோர் ஊசியாக எடுத்துக் குத்தினார். கால் மணி நேரம் அவை காத்திருந்தது. என் பின்னாலிருந்தவர், "ரிப்பேர்காரம்மாவா இருக்கும்" என்று தம் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. பிறகு அம்மையார் வாசித்தார். அதே மனிதர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆனால் கனவான் ஒலிபெருக்கியைக் கைப்பற்றி, "பார்த்தீர்களா, நான் கற்றுக்கொடுத்தது எப்படிப் பேசுகிறது!" என்றார். மறுநாள் செய்தியிலும் அவ்வாறே வந்தது. நான் கொதித்தேன். அம்மையார் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தார். "கைய வெச்சி ஏமாத்த முடில. வாய வெச்சி ஏமாத்திட்டான். வுடு டீச்சரு, இன்னும் மாட்டுவான்."

மாட்டினார். ஊசியின் இரகசியம் தெரிந்துவிட்டதல்லவா? மூன்று மாதத்தில் அதே மெட்டைத் தாமே வாசித்துப் புதிதாக வெளியிட்டார். செல்வி கைப்பேசியில் போட, மூவரும் கேட்டோம். நடுவிலுள்ள அந்த இடம் வந்தது. மூன்று சுரங்களும் மற்றவற்றைப் போலவே தகரமாக ஒலித்து மறைந்தன. அம்மையார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "எல்லாத்துலயும் குத்திகீறான் பாரு, லூசு. எங்கம்மாவ எங்கடா வெச்ச?"

அவர் அவ்வளவு சிரித்து நான் கண்டது அதுவே கடைசி. பதினெட்டு நாளில், நாற்காலியில் அமர்ந்தபடியே, உறக்கத்தில் பிரிந்தார். எழுபத்து நான்கு வயது. தீப்பெட்டியை எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே கனவானின் இரங்கல் செய்தி வந்தது. 'என் அன்பு மாணவி' என்றிருந்தது. அடக்கத்துக்கும் வந்தார். அவரைவிட உயரமான மலர்வளையத்தில், அம்மையாரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர். பகை பாராட்டுதல் பாவம் என்று திருமுன் சொல்லி வளர்ந்தவள் நான். ஆயினும் நான் வணங்குகிறவன் முப்புரத்தைச் சிரித்தே எரித்தவன். கல்லறை வாசலில் அவர் வழியை மறித்து நின்றேன். ஃபாதரும், அம்மையாரின் உறவினரும், பழைய ஓட்டல் ஊழியர் சிலரும் அருகில் இருந்தனர்.

"ஐயா, ஒரே ஒரு ஐயம். அந்த மெட்டில் ஊசி குத்தக்கூடாத மூன்று கட்டைகள் எவை?"

அவர் என்னைப் பார்த்தார். ஃபாதரைப் பார்த்தார்.

"எந்த மூன்று?" என்றார்.

வழிவிட்டேன். அதற்குமேல் அவரிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. பழைய நாடாவும் அவருடைய புதிய பதிவும் இணையத்தில் அருகருகே கிடக்கின்றன. காதுள்ளவர்கள் இரண்டையும் கேளுங்கள். கேட்டபின் அவரை எந்த மேடையில் கண்டாலும் என் ஐயத்தை அவரிடம் கேளுங்கள். நான் அவருக்கு இனி எழுதும் வாழ்த்துப்பா அது ஒன்றுதான்.

புளோரா அம்மையே, தங்கள் தீப்பெட்டி என் பூசை மாடத்தில் திருநீற்றுச் சம்புடத்தின் பக்கத்தில் இருக்கிறது. தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்கிறது. அவர் "எந்த மூன்று" என்று கேட்டதை அன்று வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். இன்று இம்மலரை வாசிப்பவர்களும் கேட்டுவிட்டார்கள். இனி நிம்மதியாகப் போய் வாருங்கள்.