கனடாக் கடைக்குக் குட்மேய்ஸில் வைத்த பெயர்

செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால். லண்டன் இல்ஃபோர்டிலிருந்து குட்மேய்ஸ் இரண்டாவது தரிப்பு. எலிசபெத் லைன் ரயிலில் உட்கார்ந்து, மடியிலிருந்த மட்டன் ரோல்ஸ் பையைச் சரிசெய்வதற்குள் இறங்க வேண்டியதாயிற்று. ரோல்ஸ் காலையில் ஈஸ்ட் ஹாமில் வாங்கியது, ஒன்று ஒன்றரைப் பவுண். கனடாவில் எங்கள் பக்கத்து விலையை நினைத்து வயிறெரிந்தபடி பத்து வாங்கியிருந்தேன்.

நான் வசிப்பது ரொறன்ரோவிலிருந்து மூன்று மணிநேர ஓட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரில். ஒரே ஒரு பிரதான வீதி, இருபக்கமும் கடைகள். அந்தக் கடைகளின் வரலாற்றைப் புத்தகமாக்கும் குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். ஆகவே, அங்கே பல வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்த ரவி அண்ணையைப் பற்றிய பக்கத்தை எழுதுவது என் தலையில் விழுந்தது. கடையை விற்றபின் அவர் மகளோடு குட்மேய்ஸுக்கு வந்துவிட்டார். ஒரு கல்யாணத்துக்காக லண்டன் வந்த நான், அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தை நேரில் காட்டி அவரை அசத்த நினைத்தேன்.

ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை. அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். தோட்டத்துக்கு விட்ட இடத்துக்கெல்லாம் சீமெந்து பூசிக் கார் நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு மணிக்குக் கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி மணி அக்கா. ரோல்ஸை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனார். ரவி அண்ணை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

“இந்தப் பேரை உமக்கு ஆர் சொன்னது?”

ரொறன்ரோவில் ஒரு விருந்தில் ரவி அண்ணையைப் பற்றி ‘எந்த ஊர், ஆற்ற மகன்’ என்று நம்மவர் வழக்கப்படி விசாரித்திருந்தேன். அவர் உண்மையில் கரவெட்டிக் குலசிங்கம் என்று தெரியவந்தது. கண்டுபிடித்த பெருமையில் அதையே தலைப்பாக்கிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் ரவி என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான்.

“நான் கனடாவுக்கு ரவீந்திரன் எண்ட ஒருத்தற்ற பாஸ்போட்டில வந்தனான், தம்பி. சிட்டிசன்ஷிப், இஞ்சத்தை விசா எல்லாம் அந்தப் பேரிலதான். இதைப் பாத்து ஆராவது கிளறினா, இந்த வயசில என்னை எங்க அனுப்புவாங்கள்?”

எங்கள் ஊரில் காலை ஒன்பது மணியானதும், அதாவது லண்டனில் இரண்டு மணிக்கு, புத்தகம் அச்சகத்துக்குப் போகிறது. அனுப்புகிறவர் எங்கள் குழுத் தலைவி மார்கரெட். அழைத்தேன். தொலைபேசி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அழைத்தேன். ரவி அண்ணை யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். தேத்தண்ணி ஆடை கட்டியது, ஒருவரும் தொடவில்லை. என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

ஒன்றே முக்காலுக்கு மார்கரெட் எடுத்தார். நாயோடு நடக்கப் போனாராம். குலசிங்கம் என்ற பெயரையும் ஊரையும் எல்லா இடத்திலும் அழிக்கச் சொன்னேன். காரணம் கேட்காமல் அழித்தார். பிறகு, “தலைப்பில் யார் பெயரைப் போடுவது? எல்லாப் பக்கத்துக்கும் கடைக்காரரின் முழுப்பெயர்தான் தலைப்பு. பெயர் இல்லையென்றால் அந்தக் கடையை விட்டுவிட வேண்டியதுதான்,” என்றார்.

ரவீந்திரன் என்று போடலாமா என்று கேட்டேன்.

“ஐயோ வேண்டாம், அது மற்றவன்ர பேர். ஒரு பேரும் வேண்டாம். விடச் சொல்லும்,” என்றார் ரவி அண்ணை.

“ஏன் விடுறது?” குசினி வாசலில் மணி அக்கா நின்றார். “என்ர பேரைப் போடுங்கோ, தம்பி. மனோன்மணி. நான் என்ர சொந்தப் பேரிலதான் வந்தனான். இவர் லொறி ஓடப் போக, விடிய ஆறு மணிக்குப் பனி வழிச்சுக் கடை திறந்தது நான்.”

ரவி அண்ணை மனைவியைப் பார்த்தார். “ஓம், தம்பி. அவதான் திறந்தவ,” என்றார்.

காலையில் கடை திறந்த அவர் மனைவியின் பெயர் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மார்கரெட் அதைத் தலைப்பிலும் பக்கத்திலும் தட்டினார். “பனிப்புயல் நாட்களில் எனக்குப் பாண் எடுத்துவைத்த பெண்மணியா? அவர் பெயரை நான் கேட்டதேயில்லை,” என்றார்.

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். பக்கத்தை எடுத்து, ரவி அண்ணையின் பெயர் வந்த இடத்திலெல்லாம் மணி அக்காவின் பெயரையும் ‘ஹீ’ வந்த இடத்தில் ‘ஷீ’யையும் வைத்து வாசித்தேன். வேறொரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.