முதலில் சொன்ன பதில்

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு மரத் தட்டிதான். இந்தப் பக்கம் நான், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். அந்தப் பக்கம் கணக்கு டீச்சர்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மறுபடி டீச்சர்'. யார் தப்பாகப் பதில் சொன்னாலும் அவர் தப்பு என்று சொல்லமாட்டார். "மறுபடி சொல்லு கண்ணு" என்பார். பிள்ளை புரிந்துகொண்டு வேறு பதிலைத் தேடும். பிரம்பும் திட்டும் இல்லாத வகுப்பு அவருடையது. அந்த ஒரு வார்த்தையே போதும்.

இடைவேளையில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால், வீங்கிய கால்களை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொள்வார்.

"ரிட்டயர் ஆனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"உக்காருவேன்."

"அப்புறம்?"

"எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். துறுதுறுவென்று இருப்பதால் எல்லோருக்கும் அவள் 'சுண்டெலி'. அப்பா இல்லை. அம்மா ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. காலையில் கொண்டுவந்து விடுவதும் மாலையில் பைக்கில் கூட்டிப்போவதும் சித்தப்பாதான். பார்த்தால் சிரிப்பார், வணக்கம் சொல்வார்.

அன்று காலை சுண்டெலி பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே எழுதினாள். டீச்சர் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. தட்டி ஓரமாக வந்து என்னிடம் மெல்லச் சொன்னார்.

"சித்தப்பன் பெல்ட்டால அடிச்சிருக்கான்மா. தண்ணியக் கொட்டிட்டாளாம். தொடையெல்லாம் தடிச்சுப் போயிருக்கு. அம்மாகிட்ட சொன்னா அம்மாவுக்கும் விழும்னு மிரட்டியிருக்கான். சாயங்காலம் அவன்தான் வருவான். அதுக்குள்ள ஏதாவது செய்யணும்."

பி.எட். படிக்கும்போது இதற்கென்று எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிடத்தில் நான் சொன்னது, "மேடம்கிட்ட கேட்டுட்டு செய்யலாம் டீச்சர்" என்பதுதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு மேலே இருப்பவரைக் கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. அது பணிவா, பயமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். முன்பு ஒருமுறை இப்படி ஒரு பிள்ளைக்காகக் குரல் கொடுத்து, அந்த வீட்டு ஆட்கள் பள்ளி வாசலில் வந்து கத்தியதை அவர் மறக்கவில்லை.

"நான் ஒரு தடவை என் காதால கேட்டுக்கறேன் டீச்சர். அப்புறம் பண்ணலாம்" என்றார்.

சுண்டெலியைத் தலைமையாசிரியையின் அறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். பெரிய மேஜை, அந்தப் பக்கம் தலைமையாசிரியை, ஓரத்தில் கணக்கு டீச்சர். டீச்சர் குனிந்து, தலையைத் தடவி, அவ்வளவு பிரியமாகச் சொன்னார்:

"என்கிட்ட சொன்னியே, அத மறுபடி சொல்லு கண்ணு."

சுண்டெலி அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது. எதையோ யோசித்தாள்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்."

தலைமையாசிரியை நிம்மதியாக மூச்சு விட்டார். "பாத்தீங்களா? நல்லவேளை, போன் பண்ணல. மானம் கப்பலேறியிருக்கும்."

நாங்கள் வகுப்புக்குத் திரும்பினோம். தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு கேட்கும் சத்தம் வந்தது. யாரோ ஒரு பிள்ளை "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்றது. டீச்சர் கவனம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். காதில் விழாமல், "மறுபடி சொல்லு" என்றார்.

"ஐம்பத்துநாலு, டீச்சர்."

எட்டிப் பார்த்தேன். டீச்சர் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏம்மா, என் வகுப்பக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக நடப்பார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வகுப்புக்கும் எழுத்து வேலை கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் தலைமையாசிரியை அறை வாசல் வரை போனேன்.

"புள்ள மேல தப்பு இல்ல மேடம். என் வாயி மேலதான் தப்பு. மறுபடி சொல்லுன்னா சொன்னது தப்புன்னு நாந்தானே அதுக்குப் பழக்கி வச்சிருக்கேன்? டீச்சருக்கு வேற பதில் வேணும்போலன்னு மாத்திடுச்சு."

"இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமா?"

"வேணாம். இதுக்கு மேல கேட்டா, விழுந்த மாடிப்படி எத்தன படின்னு கூட சொல்லும்."

தலைமையாசிரியை குரலை இறக்கினார். தனியாக இருந்தால்தான் டீச்சரை அக்கா என்று கூப்பிடுவார். "அக்கா, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்குக்கா இந்த வம்பு? நாளைக்கு அந்தப் புள்ளையே இல்லன்னு சொன்னா, பொய் சொன்னவங்க நீங்கன்னு ஆகிடும்."

"ஆகட்டும். புள்ள என்கிட்ட முதல்ல என்ன சொல்லுச்சோ அத நான் சொல்றேன். அத விசாரிக்கறவங்க விசாரிக்கட்டும். என் பேர்ல பண்றேன், போன மட்டும் இப்படித் தள்ளு."

தலைமையாசிரியை போனை டீச்சர் பக்கம் தள்ளினார்.

குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி வருவதற்கு முன்பே சித்தப்பா வந்துவிட்டார். பள்ளி விட்டிருந்தது. சுண்டெலி ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் நின்று படம் வரைந்துகொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டதும் பென்சில் நின்றது.

"புள்ளைய அனுப்புங்க, நேரமாச்சு."

"கொஞ்சம் வேலை இருக்கு. உக்காருங்க" என்றார் கணக்கு டீச்சர், வாசலை அடைத்தபடி நின்று.

"எங்க வீட்டுப் புள்ளைகிட்ட உங்களுக்கு என்ன வேலை? கணக்கு சொல்லிக் குடுக்கத்தான சம்பளம்?"

"கணக்குதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சித்தப்பா ஓரடி முன்னால் வந்தார். அப்போதுதான் தலைமையாசிரியை தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "இது என் ஸ்கூல். நான் சொல்ற வரைக்கும் புள்ள எங்கயும் போகாது. சத்தம் போடணும்னா ரோட்ல போய்ப் போடுங்க."

அதிகாரி வந்தார். பிள்ளையிடம் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரிடம் கேட்டார். காலையில் கேட்டதையும், பிறகு தான் செய்த காரியத்தையும் டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். அம்மாவுக்கு ஆள் போனது. வேலை உடுப்போடு ஓடிவந்த அம்மாவும் பிள்ளையும் அதிகாரியோடு மருத்துவமனைக்குப் போனார்கள். சித்தப்பாவை அவர்களுடன் விடவில்லை.

"இனிமே சரியாயிடுமா டீச்சர்?" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்.

"தெரியலம்மா. கால் வலிக்குது" என்றார். பிள்ளையிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் எனக்கும் உண்டு. அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் சுண்டெலியின் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார். டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? குடும்பமே ரெண்டாப் போச்சு. மாமியார் என் மூஞ்சிலயே முழிக்கறதில்ல. உங்களுக்கு நிம்மதியா இப்ப?"

பிள்ளைகள் எங்களைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் கேட்டார்:

"புள்ள இப்ப எங்கம்மா படுத்துக்குது?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எங்க அக்கா வீட்ல. நானும் அங்கதான்."

"அவன்?"

"அங்க வரமாட்டான். எங்க மாமா சேர்க்கமாட்டாரு."

"சரிம்மா" என்றார் டீச்சர். அந்த அம்மாவின் தோளைத் தொடலாமா என்பது போலக் கை ஒருமுறை எழுந்து இறங்கியது. பிறகு படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வகுப்புக்கு ஏறிப் போனார்.