ஆடிப் பார்க்காமல் எழுதிய குறைகள்

வித்யா, ரவி, இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை; அதனால் எழுதுகிறேன்.

தில்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் நாம் கம்ப்யூட்டர் வாங்கிய வருடம் அது. இருவர் எதிரெதிராக ஆடும் வீடியோ கேமுக்கு, வித்யா, நீ முதல்முறையாக ஒரு கோட்டையை ஆட்டக்களமாக வடிவமைத்தாய். "ஆடிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்கப்பா" என்றாய்.

ஆபீசில் பிறர் எழுதும் டிராஃப்டில் சிவப்பு மையால் குறை எழுதியே பழகியவன் நான். ஆடாமலே, திரையை மேலோட்டமாகப் பார்த்து ஒன்பது குறைகள் எழுதிக் கொடுத்தேன். முதல் குறை: "ஒரு பக்கம் இரண்டு வாசல், மறுபக்கம் ஒன்றுதான். நியாயமில்லை."

படித்துவிட்டு, சரி என்பதுபோல் "அச்சா" என்று இந்தியில் மட்டும் சொல்லி எழுந்து போனாய். ரவி, நீதான் சீறினாய்.

"ரெண்டு வாசல் பக்கம் உங்களுக்குப்பா! கீபோர்டுல தேடித் தேடி அமுக்குவீங்க, பாவம், உடனே தோத்துடுவீங்கன்னு, தப்பிச்சு ஓட இன்னொரு வழி அக்கா வெச்சா."

அப்போதும் நான் மன்னிப்பு கேட்கவில்லை. அதன்பின், வித்யா, நீ என்னை ஆடக் கூப்பிடவே இல்லை. யாருக்காகச் செய்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஞாயிறு நீங்கள் அம்மாவோடு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனபோது, தனியாக உட்கார்ந்து அந்தக் கோட்டையைத் திறந்தேன். எதிரே ஆட யாரும் இல்லை. நீங்கள் படியேறும் சத்தம் கேட்கும்வரை உள்ளே நடந்துகொண்டே இருந்தேன்.